ஒரு சின்ன ஆறு

சென்ற வருஷம் ஒரு வாசகி எனக்கு ஒரு கார்டு எழுதியிருந்தார். "உங்கள் நாவலின் முதல் அத்தியாயத்தில் ஓர் ஆறு வருகிறது. மிகவும் அழகாக வருகிறது. அப்புறம் அதைக் காணோமே, என்ன ஆயிற்று?" அவ்வளவுதான் கடிதம். கீழே கையெழுத்து.

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. உள்ளதைச் சொல்வதானால், கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டுவதுபோல அந்த ஆற்றைக் கட்டியிருந்தேன். தாலி கட்டி முடிந்ததும் வாழைமரத்தை யார் பார்க்கிறார்கள்? ஆடு வந்து பார்க்கும். நாவல் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் ஆற்றை இப்படித்தான் நடத்துகிறோம். காலையில் பனி மூட்டம், மாலையில் செவ்வானம், நடுவில் கதாநாயகி குடத்தோடு படியிறங்க ஒரு துறை. ஆறு வற்றிப் போனாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது.

அந்தக் கார்டு மேஜை மேலேயே கிடந்து உறுத்திக்கொண்டிருந்த சமயத்தில்தான், புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த என் நண்பர் ஒருவர் ஒரு நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். மர்த்தினீக் தீவைச் சேர்ந்த எதுவார் கிளிசான் எழுதியது. பெயர் 'லா லெஸார்த்'. 1958-ல் பாரிஸில் வெளிவந்து, அந்த வருஷத்து ரெனொதோ பரிசைப் பெற்றது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் படித்தேன். பக்கத்தில் மூலத்தை வைத்துக்கொண்டு நண்பர் அங்கங்கே குறுக்கிட்டார். சில இடங்களில் அவர் குறுக்கிட்டது உபயோகமாக இருந்தது. சில இடங்களில் வாயை மூடிக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

லெஸார்த் என்பது ஆற்றின் பெயர். மர்த்தினீக் கரீபியக் கடலில் உள்ள ஒரு பிரெஞ்சுத் தீவு. பரப்பு 1,100 சதுர கிலோமீட்டரும் சொச்சமும்தான். வடக்கே பெலே எரிமலை நிற்கிறது. 1902-ல் அது வெடித்து, சேன்-பியேர் என்ற நகரத்தைச் சில நிமிஷங்களில் சாம்பலாக்கியது. எரிமலைக்குத் தெற்கே கார்பே சிகரங்கள். அந்த மலைக் கூட்டத்தில் பிறந்து, குரோ-மோர்ன், சேன்-ஜோசெப் என்கிற மலையூர்களின் பக்கமாக இறங்கி, லமாந்தேன் சமவெளியில் கரும்பு நிலங்களுக்கு நடுவே வளைந்து, அலையாத்திக் காட்டுச் சேற்றில் நுழைந்து, ஃபோர்-தெ-பிரான்ஸ் விரிகுடாவில் விழுகிறது இந்த ஆறு. நீளம் சுமார் 36 கிலோமீட்டர். தீவிலேயே மிக நீளமான ஆறு இதுதான்! பூகோளப் புத்தகத்தில் ஒரு வரிக்குக்கூடத் தேறாது.

ஆனால் இந்த 36 கிலோமீட்டரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உச்சியில் இருக்கும் காடு, அடிமைகள் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடி ஒளிந்த காடு. அதற்குக் கீழே இருக்கிற சரிவுகளில், 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலை பெற்றவர்கள் தோட்டத்து முதலாளியின் முகத்தில் இனி விழிக்கக் கூடாது என்று சின்னச் சின்னத் துண்டு நிலங்களில் கிழங்கு போட்டுக் குடியேறினார்கள். அதற்கும் கீழே, சமவெளி முழுவதும் வெள்ளைக்காரக் குடும்பங்களின் கரும்பு. அதையடுத்து ஆலையும் மாதா கோவிலும் கடைத்தெருவும் உள்ள ஊர். கடைசியில் சேறும் கடலும். மூன்று நூற்றாண்டுச் சரித்திரம் மலையிலிருந்து கடல்வரை படிப்படியாக அடுக்கி வைத்திருக்கிறது. தெம்புள்ள ஒருவன் அதை இரண்டு நாளில் நடந்தே கடந்துவிடலாம். பெரிய நதிகளுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. பெரிய நதி முழுவதையும் ஒரு மனிதன் தன் காலால் அறிய முடியாது. அதனால் பெரிய நதியைப் பற்றி எழுதுகிறவன் ஒன்று யாத்திரைக் கட்டுரை எழுதுவான், அல்லது ஸ்தோத்திரம் பாடுவான். கிளிசானுக்குக் கிடைத்தது சின்ன ஆறு. அது அவருடைய அதிர்ஷ்டம் என்பதுதான் என் கட்சி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945-ம் வருஷம். யுத்தம் முடிகிற காலம். தேர்தல் வரப்போகிறது. லாம்பிரியான் என்று நாவலில் பெயர் மாற்றப்பட்டிருக்கும் லமாந்தேன் ஊரில் இளைஞர்கள் சிலர் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். மத்தியூ அவர்களுடைய மூளை. மிசேயா, பாப்லோ, லுக் என்று இன்னும் சிலர். ஜனங்களை அடக்குவதற்காகச் சர்க்கார் காரேன் என்று ஒருவனை அனுப்பியிருக்கிறது. அவனும் அந்த மண்ணில் பிறந்தவன்தான். அவனைக் கொன்றுவிடுவது என்று இவர்கள் தீர்மானிக்கிறார்கள். கொலை செய்ய ஊருக்குத் தெரியாத முகம் ஒன்று வேண்டும். மலைமேல் ஆடு மாடு மேய்த்துக்கொண்டு, இரண்டு நாய்களோடு தனியாக வாழும் தாயெல் என்ற இளைஞனை அழைத்துக்கொள்கிறார்கள். அவன் இறங்கி வருவதில்தான் நாவல் தொடங்குகிறது. ஊரில் அவனுக்கு வலேரி என்ற பெண்மேல் காதல் ஏற்படுகிறது. காரேனைத் தேடி அவன் மறுபடி மேலே போகிறான். காரேன் குடியிருப்பது எங்கே என்று நினைக்கிறீர்கள்? லெஸார்த்தின் ஊற்றுக்கண்மேல். ஊற்றைச் சுவருக்குள் வைத்துக் கட்டிய வீட்டில்.

இந்த ஒரு கற்பனைக்காகவே பரிசு கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நிலத்தை வளைத்துப் போட்டவனைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. ஆற்றை அது பிறக்கிற இடத்திலேயே வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கும் மனிதன்! அவனைப் பற்றி ஆசிரியர் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை. அனேகமாகச் சொல்லவுமில்லை.

அங்கிருந்து கொலையாளியும் கொல்லப்படப் போகிறவனும் ஆற்றங்கரையோடு சேர்ந்து நடக்கிறார்கள். இருவருக்கும் மற்றவன் யார் என்று தெரியும். வழித்துணைபோலப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். பாறை போய் மண் வருகிறது. நிழல் போய்க் கரும்பு வருகிறது. தண்ணீரின் நிறமும் சத்தமும் மாறுகின்றன. ஆற்றின் வேகம் குறையக் குறைய, தாயெலின் உறுதியும் தளர்ந்துவிடுமோ என்று நமக்குப் பதைப்பாக இருக்கிறது. ஒன்றாக நடந்த இருவருக்குள் ஏற்படுகிற அந்த இரண்டுங்கெட்டான் சிநேகம் இருக்கிறதே, அதை எழுதுவது சுலபமல்ல. வெறுப்பை எழுதலாம், பாசத்தை எழுதலாம். ஒருவனைக் கொல்லத் தீர்மானித்த பிறகும், அவன் கால் இடறினால் கை தானாக நீளுவதை எழுதுவதற்குத் தைரியம் வேண்டும். கடைசியில் கடல். படகில் ஏறுகிறார்கள். முகத்துவாரத்து அலை படகைக் கவிழ்க்கிறது. தாயெல் பிழைக்கிறான். காரேன் மூழ்கிப் போகிறான். கொன்றது யார்? தாயெலா, கடலா, தான் சிறைவைத்த ஆறே அவனை இழுத்துக்கொண்டு போயிற்றா? ஆசிரியர் தீர்ப்பு எழுதவில்லை. நல்ல வேளை.

இந்த நடைப் பகுதியை நான் மூன்று தடவை படித்தேன். இங்கே ஆறு வாழைமரமல்ல. ஆற்றை எடுத்துவிட்டால் இந்தப் பக்கங்கள் நடக்கவே முடியாது. சம்பவத்தின் நீளம் ஆற்றின் நீளம். அதன் வளைவு ஆற்றின் வளைவு. அந்த வாசகிக்கு நான் எழுத முடியாமல் போன பதில் இங்கே இருந்தது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். இருக்கின்றன. சின்னக் குறைகளும் அல்ல.

முதலாவது, இந்த இளைஞர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். மத்தியூ பேசுவதை மிசேயா பேசலாம், மிசேயா பேசுவதைப் பாப்லோ பேசலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பதினெட்டு வயசுப் பிள்ளைகள் கடைத்தெரு முனையில் நின்று பேசினால் நடுவில் ஒரு கேலி வரும், ஒரு பசி வரும், ஒருவன் இன்னொருவனுக்குத் தரவேண்டிய பாக்கி வரும். இவர்கள் விடிந்ததிலிருந்து கவிதையாகவே பேசுகிறார்கள். கிளிசான் முதலில் கவிஞர். இது அவருடைய முதல் நாவல். அவர் இந்த விஷயத்துக்கு வெளியே நின்றவரும் அல்ல. 1928-ல் சேன்த்-மரி பக்கத்து மலைக் குக்கிராமம் ஒன்றில் பிறந்து, குழந்தையிலேயே லமாந்தேனுக்கு வந்தவர். 1945-ல் எமே செசேர் ஃபோர்-தெ-பிரான்ஸுக்கு மேயராகவும் பாராளுமன்றப் பிரதிநிதியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பதினேழு வயசுப் பையனாக நண்பர்களோடு தேர்தல் வேலை செய்தவர். அடுத்த வருஷமே படிக்கப் பாரிஸுக்குப் போய்விட்டார். தம்முடைய பதினேழாவது வயசின்மேல் முப்பது வயசு எழுத்தாளனுக்கு இருக்கிற மயக்கம் இந்தப் பேச்சுக்களில் தெரிகிறது. அந்த மயக்கம் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் வாசகன் அதற்குப் பொறுப்பல்ல.

இரண்டாவது குறை அமைப்பைப் பற்றியது. நாவல் நான்கு பாகம். இரண்டாவது பாகத்திலேயே ஆறு கடலை அடைந்துவிடுகிறது. காரேனும் போய்விடுகிறான். அதற்குப் பிறகு வருகிற தேர்தல் பாகத்தில் ஊர்வலம் இருக்கிறது, ஆரவாரம் இருக்கிறது, வெற்றி இருக்கிறது. ஓட்டம் மட்டும் இல்லை. கழிமுகத்துத் தண்ணீர் மாதிரி பரந்து நின்றுவிடுகிறது. "அதுதானே யதார்த்தம்? கடலுக்குப் போன ஆறு நிற்கத்தானே செய்யும்?" என்றார் நண்பர். சாமர்த்தியமான வாதம். ஆசிரியர் சறுக்கிய இடத்தையெல்லாம் உத்தி என்று சொல்லி மெழுகிவிடுகிற வியாதி நம் விமர்சகர்களுக்கு எப்போது பிடித்ததோ தெரியவில்லை. சலிப்பாக இருக்கிறது என்றால் சலிப்பாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டேன். வலேரியின் சாவு. எல்லாம் முடிந்து, தாயெல் அவளை மலைமேல் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறான். அவன் விட்டுவிட்டு வந்த அந்த இரண்டு நாய்கள் அவள்மேல் பாய்ந்து கொன்றுவிடுகின்றன. முதல் வாசிப்பில் எனக்குக் கோபமே வந்தது. சுபமாக முடித்தால் இலக்கியம் ஆகாது என்ற பயத்தில் கதாநாயகியைக் கொல்வது நம் ஊரிலும் நடக்கிற காரியம்தான். புத்தகத்தை மூடி நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி வாங்கிக்கொண்டு வந்தேன். ஏதோ ஒன்று சரியாக எண்ணப்படவில்லை என்று மனசுக்குள் அரித்தது. எண்ணிப் பார்த்தேன். இந்த நாவலில் எல்லாரும் எப்போதும் இறங்குகிறார்கள். தாயெல் மலையிலிருந்து இறங்குகிறான். பிறகு ஊற்றிலிருந்து ஆற்றோடு இறங்குகிறான். காட்டிலிருந்து ஊருக்கு, பழங்கதையிலிருந்து அரசியலுக்கு, எல்லாம் இறக்கம். நடுவில் அவன் ஒரு தடவை மேலே போனது கொலைக்கு ஆள் தேடி. கடைசியில் போவது குடித்தனம் நடத்த. ஆறு வந்த வழிக்கு எதிராகப் போய் அங்கே ஒரு வீடு வைத்துவிடலாம் என்று நினைக்கிறான். மலைமேல் அவன் விட்டுவந்த வாழ்க்கை அவனை மறந்துவிடவில்லை. பட்டினியாகக் காத்திருக்கிறது. அதற்கு வலேரியைத் தெரியாது. இதை நாய்களை வைத்துச் சொன்னது கொடூரம். ஆனால் பொய்யல்ல. முதல் அத்தியாயத்திலேயே அந்த நாய்களை நமக்குக் காட்டிவிட்டார், நாம்தான் மறந்துவிட்டோம். வாசகி என் ஆற்றை மறக்கவில்லை. நான் கிளிசானின் நாய்களை மறந்துவிட்டேன். யார் நல்ல வாசகர் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நண்பர் குறுக்கிட்டதில் உபயோகமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 'லெஸார்த்' என்றால் பிரெஞ்சில் சுவரில் விழுகிற விரிசல் என்றும் அர்த்தமாம். பல்லி, ஓணான் வர்க்கத்துக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான். ஓணான்போல வளைந்தோடுகிற ஆறு, தீவின் பழைய சுவரில் ஒரு விரிசல். பெயரிலேயே நாவல் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1959-ல் வந்த முதல் மொழிபெயர்ப்புக்கு 'த ரைப்பனிங்' என்று பெயர் வைத்தார்கள். பழுத்தல், அல்லது கனிதல். 1985-ல் வேறொருவர் புதிதாக மொழிபெயர்த்தபோதும் அதே பெயர். ஆற்றைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, இளைஞர்கள் கனிகிற கதையாக ஆக்கிவிட்டார்கள். இது சின்ன விஷயமல்ல. இளைஞர்கள் கனிகிற கதை என்று எடுத்துக்கொண்டால் இது சுமாரான நாவல்தான். நான் மேலே சொன்ன குறை எல்லாம் பூதாகாரமாகத் தெரியும். ஆற்றின் நாவல் என்று எடுத்துக்கொண்டால், மத்தியூவும் மிசேயாவும் தண்ணீரில் மிதந்து வருகிற முகங்கள். அவர்கள் தனித்தனிக் குரலில் பேசாதது அவ்வளவாக உறுத்தாது. எந்தப் புத்தகத்தைப் படிக்கிறோம் என்பதை அட்டையே மாற்றிவிடுகிறது.

இதே பக்கத்துக் கடலில் ஹெய்ட்டி தேசத்து ழாக் ரூமேன் 1944-ல் எழுதிய 'கூவெர்னர் தெ லா ரொசே' இன்னொரு தண்ணீர் நாவல். வறண்ட கிராமம். மனுவேல் என்பவன் கியூபாவின் கரும்பு வயல்களிலிருந்து திரும்பி வந்து ஊற்றைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். பிளவுபட்ட ஊர் ஒன்றுசேர, அவன் உயிரைக் கொடுக்கிறான். கண்ணீர் வரவழைக்கும் நாவல். பாத்திரங்கள் கிளிசானுடையவர்களைவிட எவ்வளவோ உயிருள்ளவர்கள். அதில் தண்ணீர் ஒரு பரிசு. கஷ்டப்பட்டவர்களுக்குக் கடைசியில் கிடைக்கிறது. கிளிசானின் தண்ணீர் யாருக்கும் பரிசாக வருவதில்லை. அது முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது. யார் ஆண்டாலும் ஓடுகிறது. கேள்வியெல்லாம், அதன் கரையில் இருக்கிறவர்களுக்கு அது தங்களுடையது என்று தெரிகிறதா என்பதுதான். ரூமேனைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. கிளிசானைப் படித்து ஒரு மாதம் கழித்து, பஸ்ஸில் போகும்போது, திடீரென்று ஆற்றோரம் நடக்கும் அந்த இருவரும் நினைவுக்கு வந்தார்கள். இரண்டில் எது உயர்ந்தது என்று பந்தயம் கட்ட நான் தயாராக இல்லை.

ஒரு தமிழ் வாசகனுக்கு இயல்பாக எழும் ஒரு சபலத்தையும் சொல்லிவிடுகிறேன். அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தத் தீவின் கரும்புக்கு ஆள் இல்லை என்று, 1853 முதல் முப்பது வருஷ காலம், இந்தியாவிலிருந்து சுமார் 25,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்களில் தமிழர்கள் நிறைய. ஆகவே கரும்பு வருகிற பக்கமெல்லாம் நம்மவர் யாராவது நிற்கிறார்களா என்று என் கண் தேடிக்கொண்டே போயிற்று. நண்பருக்கும் அப்படியே. அது மனித சுபாவம், விமர்சனமல்ல. இந்தக் கதை அவர்களுடையதல்ல. அவர்களுடைய கதையைத் தேடினால் வேறு புத்தகங்களில் தேட வேண்டும்.

இப்போது அந்த ஆறு எப்படி இருக்கிறது? நாவல் வந்து அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. லமாந்தேன் சமவெளியில் விமான நிலையமும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. இவற்றைவிடப் பெரிய துக்கம் ஒன்று உண்டு. வாழை மரத்தைத் துளைக்கும் வண்டைக் கொல்ல, 1972 முதல் குளோர்தெக்கோன் என்ற மருந்தை அந்தத் தீவில் தூவினார்கள். அதைத் தயாரித்த அமெரிக்கத் தொழிற்சாலை, தொழிலாளர்கள் நோயில் விழுந்ததால் 1975-லேயே மூடப்பட்டது. பிரான்ஸில் 1990-ல் தடை செய்தார்கள். தீவுகளுக்கு மட்டும் சலுகை கொடுத்து, 1993 வரை தூவ விட்டார்கள். அது மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கக்கூடியது. மழை பெய்தால் ஆற்றில் இறங்குகிறது. லெஸார்த்திலும் இறங்கியிருக்கிறது. மர்த்தினீக்கிலும் குவாதலூப்பிலும் சோதித்தபோது, பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருந்தது. வழக்குப் போட்டார்கள். யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது என்று பாரிஸ் நீதிபதிகள் 2023 ஜனவரியில் வழக்கை முடித்துவிட்டார்கள்.

கிளிசான் இதையெல்லாம் முன்கூட்டியே கண்டார் என்று சொல்ல மாட்டேன். எழுத்தாளனைத் தீர்க்கதரிசியாக்குவது அவனைப் படிக்காமல் தப்பித்துக்கொள்ள ஒரு வழி. அவர் பார்த்ததைத்தான் எழுதினார்: ஊற்றைச் சுவருக்குள் வைத்துக்கொண்டவன் ஒருவன், கீழே அந்தத் தண்ணீரில் வாழ்கிறவர்கள் பலர். ஆனால் அந்த வீட்டுப் பக்கங்களை இன்று படிக்கும்போது, 1958-ல் படித்தவர்களுக்குப் பட்டது மட்டும் நமக்குப் படுவதில்லை. மேலே ஒருவன் செய்கிற காரியம் கீழே உள்ளவன் குடிக்கிற குவளைவரை வருகிறது என்பது அவருக்கு ஓர் உருவகமாக இருந்திருக்கலாம். இப்போது அது ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வருகிறது. 2011-ல் கிளிசான் காலமானார். அதற்கு முன்பு, கடைசிக் காலத்துப் புத்தகம் ஒன்றுக்கு அந்த ஆறு விழுகிற குடாவின் பெயரையே வைத்தார். கடைசிவரை அந்தத் தண்ணீரை அவர் விடவில்லை.

நாவலைச் சொல்கிறவன், அந்தச் சமயத்தில் அவர்கள் பின்னாலேயே சுற்றித் திரிந்த ஒரு சிறு பையன். நீ வளர்ந்து இதையெல்லாம் எழுது என்று அவனிடம் பெரியவர்கள் ஒப்படைக்கிறார்கள். எப்படி எழுத வேண்டும் என்று யோசனையும் சொல்கிறார்கள். ஆற்றைப் போல எழுது என்கிறார்கள். தமிழில் யாராவது இந்த நாவலை மொழிபெயர்க்க முன்வந்தால், பிரெஞ்சு தெரிந்தவராக இருக்கட்டும். தலைப்பை மட்டும் மாற்றாமல் இருக்கட்டும். 'லெஸார்த்' என்றே போடலாம். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, காவேரி அவர்கள் வாயில் நுழையவா போகிறது?

வாசகிக்கு ஒரு கார்டு போட்டேன். "உங்கள் கேள்வி நியாயம். அடுத்த பதிப்பில் அந்த ஆற்றை எடுத்துவிடுகிறேன்" என்று. எடுக்க வேண்டாம், கடைசிவரை கொண்டுபோங்கள் என்று பதில் வந்திருக்கிறது.